குடல் தரும் கொடை

நம் அடிவயிற்றில் சிறுநீர்ப்பை என்றொரு சிறு பை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அதில் ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை நீர் தங்கும். நிறையும்வரை விரிந்து கொடுத்து, நாம் விரும்பும் நேரத்தில் சுருங்குவது அதன் இயல்பு. அதனால்தான் இராமேசுவரத்தில் பேருந்து ஏறி இராமநாதபுரம் வரை கவலையின்றி வருகிறோம்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. காசநோய் தாக்கினால் பை தழும்பேறிச் சுருங்கிவிடும். முதுகுத்தண்டில் பிறவிக் குறையோ விபத்துக் காயமோ இருந்தால், நரம்பின் கட்டளை சரிவரக் கிடைக்காமல் பை இறுகிப் போகலாம். நீர் ஓயாது கசியும். உள்ளே அழுத்தம் மிகுந்து சிறுநீரகங்களையும் கெடுக்கும். மருந்துகள் பயன்தராதபோது, அறுவை மருத்துவர் குடலின் உதவியை நாடுகிறார்!

சிறுத்துப்போன பாவாடையைத் துண்டுத் துணி சேர்த்து நாம் அகலப்படுத்துவதில்லையா? இதுவும் அப்படித்தான். சிறுகுடலின் பிற்பகுதியில் 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை, இரத்தக் குழாய்கள் அறாதபடி பிரித்தெடுக்கிறார்கள். எஞ்சிய குடலின் இரு முனைகளையும் இணைத்துவிடுகிறார்கள். எடுத்த துண்டைக் குழாயாகவே விட்டால் அது அலையலையாகச் சுருங்கி நீரைத் தள்ளும். ஆகவே நீளவாக்கில் பிளந்து, மடித்து, திறந்து வைத்த சிறுநீர்ப்பையோடு தைக்கிறார்கள்.

ஆனால் இடம் மாறினாலும் குடலின் குணம் மாறுவதில்லை. அது சளியைச் சுரக்கும். ஆகவே மருத்துவர் சொல்லும் முறையில் பையைக் கழுவ வேண்டும். கல் உண்டாகலாம், வைட்டமின் பி12 குறையலாம். பெரும்பாலோர் 3 அல்லது 4 மணிக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். கைகளை நன்கு கழுவிக்கொண்டு வீட்டிலேயே இதைச் செய்யலாம் என்று 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் காட்டினார்.

முதுகுத்தண்டில் அடிபட்டோருக்கும் இத்தகைய பராமரிப்பு இன்றியமையாதது. 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். உடல் ஊனமுற்றோர் மீண்டும் சொந்தமாக வாழப் பழகுவதற்கென வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது அவருடைய முயற்சியால்தான்.

இந்தச் சிகிச்சை பெற்ற சிறுமி நம் வகுப்பிலும் இருக்கலாம். கல் சேராதிருக்க அவள் நிறைய நீர் அருந்த வேண்டும். மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கும் நம் கரையோர ஊர்களில் அது எளிதன்று. வெட்கத்தால் நோயை மறைத்து, அவள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியவை சில: குடிக்க நல்ல நீர், தாழ்ப்பாள் உள்ள தூய கழிப்பறை, பாட நடுவில் எழுந்து செல்ல ஆசிரியையின் அனுமதி, "எங்கே போகிறாய்?" என்று கேட்டுச் சிரிக்காத தோழிகள். இவற்றையெல்லாம் நம்மால் கொடுக்க முடியும்.