டியூபில் டீ ஊற்றலாமா?

செஞ்சி வட்டாரத்தில் பாம்புக்கடியோ பூச்சிமருந்து விஷமோ முற்றிவிட்டால், நோயாளியை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புவார்கள். வென்டிலேட்டர் வைத்து, மூக்கு வழியே இரைப்பைக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டபின் உறவினர்கள் கேட்பதுண்டு: "டீ இல்லாம இருக்கவே மாட்டாரு சிஸ்டர், டியூப்ல கொஞ்சம் ஊத்தலாமா?"

பதில், அந்த வயிறு உணவை ஏற்கிறதா என்பதிலிருந்து தொடங்குகிறது. கடும் நோயில் இரைப்பையின் அசைவு மந்தப்படும். மயக்க மருந்தும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகளும் அதை மேலும் தளர்த்தும். பூச்சிமருந்து விஷத்தை முறிக்கத் தரும் அட்ரோபினும் குடல் அசைவைக் குறைக்கும். உயிர்காக்கும் அதே மருந்தால் உணவு கீழிறங்காமல் தங்கிவிடலாம்.

வாந்தி, வயிறு உப்புதல், வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அறிகுறிகள். முன்பெல்லாம் டியூப் வழியே உறிஞ்சிப் பார்த்து, 200 மில்லி தங்கியிருந்தாலே உணவை நிறுத்துவது பல இடங்களில் வழக்கம். 2016இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் இதை ஏற்கவில்லை. வேறு அறிகுறி இல்லாதபோது, தங்கியது 500 மில்லிக்குக் குறைவு என்றால் உணவை நிறுத்த வேண்டியதில்லை என்றது. அடிக்கடி நிறுத்தினால் நோயாளிக்குத் தேவையான சத்து சேராது என்பதே காரணம்.

உணவு இறங்காதபோது மருத்துவர்கள் மெட்டோகுளோபிரமைடு, எரித்ரோமைசின் போன்ற மருந்துகளைத் தருவார்கள். உணவு செலுத்தும் வேகத்தைக் குறைப்பார்கள். தேவைப்பட்டால் டியூபைச் சிறுகுடல்வரை இறக்குவார்கள். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பதும் முக்கியம். உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தை அது குறைக்கும்.

இந்த வரிசையில் டீ இல்லை. அதைச் சத்தாகவும் கருத முடியாது. 60 கிலோ எடையுள்ள இத்தகைய நோயாளிக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரியாவது வேண்டும். 72 கிராம் புரதமாவது வேண்டும். சர்க்கரை போட்ட ஒரு சின்ன கிளாஸ் டீயில் 100 கலோரிகூடத் தேறாது; புரதம் ஓரிரு கிராம்தான். டீயிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் தடுக்கும். எலுமிச்சை டீயாக இருந்தால் பால் கலந்த உணவு திரிந்து டியூபே அடைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை அளவும் ஏறும்.

அதற்காக டீ விஷமல்ல. நோயாளி தேறிவரும்போது, திரவக் கணக்கையும் சர்க்கரை அளவையும் பார்த்து மருத்துவர் அனுமதித்தால் கொஞ்சம் தரலாம். நர்ஸுக்குத் தெரியாமல் வீட்டார் ஊற்றுவதுதான் கூடாது.

வென்டிலேட்டர் குழாயைத் தொண்டையிலிருந்து எடுத்தபின்தான் இன்னும் கவனம் வேண்டும். பல நாள் குழாய் இருந்த தொண்டை விழுங்கும் திறனை இழந்திருக்கலாம். கெட்டியான கஞ்சியைவிட, தண்ணீராய் ஓடும் டீதான் சுலபமாக நுரையீரலுக்குள் நழுவும். ஆகவே விழுங்கும் திறனை மருத்துவர் சோதித்துச் சரி என்று சொன்னபிறகே வாய்வழியாக டீ கொடுக்க வேண்டும்.