இரத்தத்தில் வரும் நோய் வயிற்றுக்குள் எப்படி?

சென்ற வருடம் நோன்பு மாதத்தில்தான் என் மாமாவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. "கேஸ்ட்ரைட்டிஸ்தான்" என்று உம்மாவும் மாமியும் தீர்மானித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் நெஞ்செரிவு, புளியேப்பம், பசியின்மை, மேல்வயிற்றுக் குத்து எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான். பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டார். வலி குறைந்தது, பிறகு திரும்பி வந்தது. நோன்புப் பெருநாள் போய் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோது மாமாவின் சாரம் இடுப்பில் நிற்கவில்லை. மலம் தார் போலக் கறுப்பாகப் போனதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கம். ஒருநாள் கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

வைத்தியசாலையில் முதலில் குருதி ஏற்றினார்கள். பிறகு வாய்வழியாகக் கமராக் குழாயை இறக்கி இரைப்பையைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெரிய புண். அதன் ஓரத்திலிருந்து எடுத்த சிறு துண்டுகளைப் பரிசோதித்ததில் வந்த முடிவு, லிம்போமா. "இது இரத்தப் புற்றுநோய் வகையைச் சேர்ந்தது" என்று வைத்தியர் சொன்னதும் மாமி கேட்டார்: "இரத்தத்துல வாற நோய் வயித்துக்குள்ள எப்படி டொக்டர் வந்த?"

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததையும், வாட்டில் இருந்த இளம் வைத்தியர் ஒருவர் பொறுமையாக விளக்கியதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. என்பு மச்சையில் முதிராத வெண்குழியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால் அது பெரும்பாலும் லியூக்கேமியா. நிணநீர்க்குழியங்கள் புற்றாகி, நிணநீர்க் கணுக்களிலோ வேறு இழையங்களிலோ கட்டியாகத் திரண்டால் லிம்போமா. பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் கலங்கள் கெட்டால் மைலோமா.

இனி மாமியின் கேள்வி. மார்பகத்தில் உருவான புற்றுக்கலம் ஈரலுக்குப் போனால், அது தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் குடியேறுகிறது. அதைப் "பரவிவிட்டது" என்கிறோம். வெண்குழியத்தின் கதை வேறு. ஊர் சுற்றுவதே அதன் தொழில். குருதியில் ஏறி, இழையங்களுக்குள் இறங்கி, நிணநீர் வழியாக மீண்டும் குருதிக்கே வந்து சேரும். சுற்றும் இடங்களில் அதற்கு அதிக வேலை உள்ள இடம் சமிபாட்டுக் கால்வாய். வெளியுலகிலிருந்து நாம் விழுங்கும் உணவும் நீரும் கிருமிகளும் நாள்தோறும் கடந்து போகும் பாதை அது. அதனால் உடல் தன் காவலர்களில் பெரும் பங்கைக் குடற்சுவரிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இந்தக் காவலர்கள் திட்டுத்திட்டாகக் குவிந்திருப்பதை 1677இல் பேயர் என்ற சுவிஸ் நாட்டு அறிஞர் விவரித்தார். அவை இன்றும் பேயரின் திட்டுக்கள்தான்.

காவலர் நிறைந்த இடத்தில் காவலரே கெட்டுப்போகும் வாய்ப்பும் அதிகம். கணுக்களுக்கு வெளியே லிம்போமா தோன்றும் இடங்களில் முதலிடம் சமிபாட்டுக் கால்வாய்க்கே. ஆகவே "இரத்தத்திலிருந்து குடலுக்கு இறங்கிவிட்டது" என்று பக்கத்து வீட்டார் சொன்னது எல்லா நேரமும் சரியல்ல. வேறிடத்து லிம்போமா குடலுக்கு வருவதும் உண்டு. குடலிலேயே பிறப்பதும் உண்டு. எது என்று அறியத்தான் மாமாவுக்கு சீ.டீ. ஸ்கேனும் இடுப்பென்பில் ஊசி குத்தி மச்சைப் பரிசோதனையும் செய்தார்கள்.

இரைப்பையின் விடயம் இன்னும் விசித்திரமானது. சுகமான இரைப்பையில் இப்படிப்பட்ட நிணநீர் இழையம் இல்லை என்றே சொல்லலாம். அதை அங்கே வரவழைப்பது ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பக்றீரியா. அவுஸ்திரேலிய வைத்தியரான பரி மார்ஷல் இந்தக் கிருமியை 1984இல் தானே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். (பரிசோதனைக் கூடத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று எங்கள் ஆசிரியை தினமும் சொல்வார்!) அவருக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி வருடக்கணக்கில் தங்கினால் அழற்சியும் தங்கும்; அழற்சி நிணநீர்க்குழியங்களை அழைத்துக்கொண்டே இருக்கும். ஓய்வின்றிப் பெருகும் அந்தக் கூட்டத்தில் ஒன்று தடம் மாறினால், மெதுவாக வளரும் மோல்ட் லிம்போமா உருவாகலாம். 1983இல் ஐசக்சன், ரைட் என்ற இருவர் அதை இனங்கண்டு எழுதினார்கள். பத்து வருடங்களின் பின், கிருமியைக் கொல்லும் மருந்துகளை மட்டும் கொடுத்தபோது இந்தப் புற்று சுருங்கி மறைந்ததை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஒரு புற்றுநோய் அன்டிபயோட்டிக்கிற்கு அடங்குகிறது என்பதை நான் நம்பமாட்டாமல் இரண்டு தடவை வாசித்தேன். ஆரம்ப நிலையில் உள்ள பெரும்பாலானோருக்கு இன்றும் முதல் சிகிச்சை அதுதான்.

மாமாவுக்கு வந்தது அந்தச் சாது வகையல்ல, வேகமாக வளரும் வகை. அதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்தேற்ற வேண்டும். "வெட்டி எடுத்தால் என்ன?" என்று வாப்பா கேட்டார். முன்பு அப்படித்தான் செய்தார்களாம். ஆனால் இந்தக் கலங்கள் மருந்துக்கு நன்றாகக் கரைபவை. அதனால் இரைப்பையை இழக்கத் தேவையில்லை. ஆபத்தும் அந்தக் கரைதலில்தான் இருக்கிறது. புற்று சுவரின் முழுத் தடிப்பையும் அரித்திருந்தால், அது கரையும்போது துளை விழலாம், குருதி கசியலாம். முதல் சுற்றில் மாமாவை வாட்டிலேயே வைத்துக் கவனித்ததன் காரணம் இதுவே.

லியூக்கேமியா உள்ளவர்களுக்கும் வயிறு தொல்லை தரும். புற்றுக்கலங்கள் முரசுக்குள் புகுந்து வீங்கச் செய்வதுண்டு, குடற்சுவருக்குள்ளும் புகலாம். ஆனாலும் அவர்களின் வயிற்றுவலிக்கும் வயிற்றோட்டத்துக்கும் பல வேளைகளில் காரணம் வேறு. குடலின் உட்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்கும் மருந்து அதையும் விட்டுவைக்காது. வாய்ப்புண் வருவதும் இதனால்தான். அதே நேரம் வெண்குழியங்கள் குறைந்திருப்பதால், குடலில் சும்மா கிடந்த கிருமிகள் புண்பட்ட சுவருக்குள் நுழைகின்றன. பெருங்குடலின் தொடக்கத்தில், வலது அடிவயிற்றில், இது கடுமையான அழற்சியாக மாறலாம். மருந்தேற்றிய ஒருவருக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவோடு இரவாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெற்றோர் இதை வாசித்துப் பயந்துவிடக் கூடாது. வயிற்றுவலிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. கறுப்பு மலம்கூட இரும்புச்சத்து மாத்திரை குடிப்பவர்களுக்குச் சாதாரணமாகப் போகும். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் வலி திரும்பித் திரும்பி வருவது, காரணமில்லாமல் மெலிவது, இரவில் உடுப்பு நனைய வியர்ப்பது, சோகை, தார் போன்ற மலம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் பாமசி வாசலில் நிற்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சில வேளை புற்றுப்புண்ணின் வலியையும் தற்காலிகமாக அடக்கிவிடும். மாமாவின் மூன்று மாதங்கள் அப்படித்தான் போயின.

இப்போது அவருக்கு நான்கு சுற்று முடிந்திருக்கிறது. மாமி குடிநீரைக் கொதிக்க வைக்கிறார். பச்சைச் சம்பலை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. மாமாவுக்கு அதில்தான் கோபம். இந்த வருடம் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னபோது அவர் அழுதார். நோயின் பெயரைக் கேட்டபோதுகூட அழாதவர். இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது. அதன் பிறகு மறுபடியும் கமராக் குழாய், மறுபடியும் ஸ்கேன்.