வலிக்காத விரல்

ஏரிக்கரையில் செருப்பில்லாமல் ஓடியிருக்கிறாயா, கண்ணு? ஓடியிருந்தால் வேலிக்காத்தான் முள்ளை உனக்கு நன்றாகத் தெரியும். சுருக்கென்று ஏறும். கத்திக்கொண்டே ஒற்றைக் காலில் நொண்டி, முள்ளைப் பிடுங்கிப் போடுவாய். அப்போது உனக்குள் ஒரு கேள்வி வந்திருக்கும். இந்த வலி எதற்குத்தான் இருக்கிறது? அது இல்லாமலே இருந்தால் எவ்வளவு நிம்மதி!

சபாஷ், அருமையான கேள்வி. இதே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க இருந்த டாக்டர் ஒருவர் நமக்குப் பக்கத்தில், வேலூரில்தான் வேலை பார்த்தார். அவர் கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், முள் குத்தியபோது உன் உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

உன் தோலுக்கு அடியில் மெல்லிய நரம்பு நுனிகள் பரவிக் கிடக்கின்றன. முள் குத்தியதும் அவை செய்தி அனுப்புகின்றன. செய்தி முதலில் முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கேயே, மூளையைக் கேட்காமலே, "காலைத் தூக்கு" என்று தசைக்கு உத்தரவு கிளம்பிவிடுகிறது. பிறகுதான் செய்தி மூளைக்குப் போய்ச் சேருகிறது. அதாவது, நீ முதலில் காலைத் தூக்குகிறாய். வலி உனக்குத் தெரிவது அதற்கு அப்புறம்தான்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதலில் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்ச நேரம் கழித்து விண்விண்ணென்று ஒரு கடுப்பு. கவனித்திருக்கிறாயா? வலிச் செய்தியைக் கொண்டுபோக இரண்டு வகை நரம்பிழைகள் இருப்பதே காரணம். வேகமான இழையில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். மெதுவான இழையில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகாது. உன் பாதத்திலிருந்து தலைக்கு ஒரு மீட்டருக்கு மேல் தூரம் இருக்கும். எந்தச் செய்தி எப்போது வந்து சேரும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

புரிகிறதா? புரியவில்லை என்றால் மேலே இருக்கும் பத்தியை இன்னொரு தடவை படி. அவசரமே இல்லை.

இப்போது ஒன்று யோசி. பள்ளியில் நேரம் தப்பி, நீளமாக மணி அடிக்கிறது. என்ன செய்வாய்? எழுந்து வெளியே வந்து, என்ன ஆயிற்று என்று பார்ப்பாய். வலி அந்த மணிதான். "இங்கே ஏதோ சரியில்லை, வந்து பார்" என்று உடம்பு உன்னைக் கூப்பிடுகிறது. சரி, அந்த மணி அடிக்காமலே போய்விட்டால்?

அதைக் கண்ணால் பார்த்தவர்தான் நம் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயர். ஆனால் 1914-ல் அவர் பிறந்தது நம் கொல்லிமலையில். சின்ன வயதில் மலையில் ஓடியாடித் திரிந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். முதலில் தச்சுவேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டார். அப்புறம்தான் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தவர்களுடைய விரல்கள் குட்டையாகிப் போவதை எல்லாரும் பார்த்தார்கள். "நோய் சதையை அழுகவைக்கிறது" என்று நம்பினார்கள். பயந்தார்கள். அவர்களை ஊருக்கு வெளியே தள்ளிவைத்தார்கள். பிராண்டுக்கு மட்டும் சந்தேகம். உண்மையிலேயே சதை தானாக அழுகுகிறதா?

ஒரு நாள் அவர் ஒரு சாமான் அறையைத் திறக்கப் போனார். பூட்டு துருப்பிடித்திருந்தது. பலம் கொண்ட மட்டும் திருகியும் சாவி அசையவில்லை. நோயாளிகளில் ஒருவனான சின்னப் பையன், ஏறக்குறைய உன் வயதுதான் இருக்கும், "நான் திறக்கிறேன் டாக்டர்" என்று வந்தான். ஒரே திருகு. பூட்டு திறந்துகொண்டது! ஒல்லிப் பையனுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் என்று டாக்டருக்கு ஆச்சரியம். அப்போதுதான் தரையில் ரத்தச் சொட்டுகளைப் பார்த்தார். சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை வெட்டியிருந்தது. பையனுக்கோ ஒன்றுமே தெரியவில்லை.

அந்த இடத்தில் அவருக்குப் பிடி கிடைத்தது. பிராண்டைவிட அவன் பலசாலி இல்லை. பிராண்டின் விரல் வலித்ததால் அவர் நிறுத்தினார். பையனுக்கு நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும். தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்புகளில் போய்த் தங்கும். முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் விர்ரென்று ஓடுமே, அந்த நரம்பும் அதில் ஒன்று. அது கெட்டுப்போனால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கிக்கொள்ளும். உணர்ச்சியும் போய்விடும்.

பிறகு நடப்பதெல்லாம் அந்தப் பூட்டுக் கதைதான். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடிப்பார்கள். காலில் ஆணி குத்தியிருக்கும், அதோடு நடப்பார்கள். காயத்தில் சீழ் வைக்கும், விரல் குறையும். சிலருக்குக் காலையில் எழுந்தால் விரலில் புதுக் காயம். எப்படி வந்தது என்றே தெரியவில்லை. ஒருவர் இரவு முழுக்கக் கண்விழித்துக் காவல் இருந்தார். எலி! தூங்குகிறவர் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு வலிக்காததால் விழிப்பே வரவில்லை. அதற்குப் பிறகு, வீட்டுக்குத் திரும்புகிற நோயாளிகளுக்கு மருத்துவமனையிலிருந்து ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்களாம். எனக்கு மிகவும் பிடித்த மருந்துச்சீட்டு இதுதான்.

பிராண்ட் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். நல்ல தசையின் தசைநாரை எடுத்து, செயல் இழந்த விரலோடு இணைத்துத் தைத்தார். மரத்துப்போன கால்களுக்காக மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்யவைத்தார். எம்.சி.ஆர். செருப்பு என்பார்களே, அதேதான். வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும் இந்த வேலைகள் நடந்தன.

பின்னால் அமெரிக்காவுக்குப் போனபோது, அவர் செயற்கையாக ஒரு வலியையே செய்து பார்த்தார். கையுறையில் கருவி பொருத்தினார்கள். அழுத்தம் கூடினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் ஒருவரும் சட்டை செய்யவில்லை. சத்தத்துக்குப் பதில் லேசான மின் அதிர்ச்சி வைத்தார்கள். வேலை முடியவேண்டும் என்றால் நோயாளிகள் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்! கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டார். உடம்பு தரும் வலிக்குச் சுவிட்ச் நம் கையில் இல்லை. அதனால்தான் அது நம்மைக் காப்பாற்றுகிறது. எங்கே, உன் சொந்த வார்த்தையில் இதை ஒரு முறை சொல் பார்க்கலாம்.

"அப்படியானால் வலித்தால் பொறுத்துக்கொண்டே இருக்கவேண்டுமா?" என்று கேட்பாய். வேண்டவே வேண்டாம், கண்ணு. மணி அடித்ததும் என்னவென்று பார்த்தாயிற்று என்றால், அது அடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

முட்டியில் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, ஏன்? 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். தேய்க்கும்போது தொடு உணர்ச்சிச் செய்தி நிறைய வருகிறது. அது தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு வழி விடாமல் தடுக்கிறது. கபடி ஆடும்போது முழங்கால் சிராய்த்தது ஆட்டம் முடியும்வரை தெரியாது. மூளையின் கவனம் வேறு பக்கம் இருந்ததால் வலி குறைந்தது. பயந்தால் வலி கூடும். அதனால்தான் ஊசி போடும்போது நர்ஸ் அக்கா உன் பெயர் என்ன, எந்த வகுப்பு என்றெல்லாம் பேச்சுக் கொடுக்கிறார்.

மாத்திரை என்ன செய்கிறது? அடிபட்ட இடத்தில் உடம்பு சில பொருள்களைச் சுரக்கிறது. அவை நரம்பு நுனிகளை உசுப்பிவிடுகின்றன. சில மாத்திரைகள் அந்தச் சுரப்பைத் தடுக்கும். 1971-ல் ஜான் வேன் என்பவர் ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் டாக்டர் சொல்லாமல் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ஒரு நோய் வரலாம். கடையில் "தலைவலிக்கு ஒரு மாத்திரை" என்று நீயாக வாங்காதே. பாரசிட்டமால்கூட உன் எடைக்குத் தக்கபடி பெரியவர்கள்தான் தரவேண்டும்.

எந்த வலியை உடனே சொல்லவேண்டும்? ஆடி முடித்த சாயங்காலம் இரண்டு கெண்டைக்காலும் வலித்து, காலையில் சரியாகிவிட்டால் கவலை இல்லை. ஒரே காலில், ஒரே இடத்தில், வீங்கி, நொண்டி நடக்கவைத்தால் சொல்லவேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் வயிற்றுவலி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் தலைவலி, இரண்டுக்கும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மாதாமாதம் வரும் வயிற்றுவலியால் பள்ளிக்கே போக முடியவில்லை என்றால் அக்காமார்களும் கூச்சப்படாமல் அம்மாவிடம் சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்கிற பிள்ளை கோழை இல்லை.

இனி முக்கியமான விஷயம். தொழுநோய் இப்போது கூட்டு மருந்தால் ஆறு மாதத்திலோ பன்னிரண்டு மாதத்திலோ குணமாகிவிடுகிறது. அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அது பிறருக்குத் தொற்றாது. ஆனால் வலியைத் திருடும் இன்னொரு நோய் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரை வியாதிதான். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாத நரம்புகள் கெடும். "கால் மதமதன்னு இருக்குது", "செருப்பு நழுவினதே தெரியல" என்று உன் தாத்தாவோ ஆயாவோ சொன்னால் காதில் வாங்கிக்கொள்.

அப்படிக் கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகக் கூடாது என்பது என் கருத்து. சுடுகிற தார் ரோட்டில் கொப்புளம் கிளம்பினாலும் அவர்களுக்குத் தெரியாது. அண்ணாமலையார் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். மல்லாட்டை பிடுங்கக் கொல்லைக்குப் போகும்போதும் செருப்பு வேண்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் சீவக் கூடாது.

நீ ஒரு வேலை செய்வாயா, கண்ணு? வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், தினமும் ராத்திரி அவர் பாதத்தை வெளிச்சத்தில் பார். விரல் இடுக்கு, உள்ளங்கால், குதிகால் எல்லாம் பார். புண், கொப்புளம், சிவப்பு, வெடிப்பு எது இருந்தாலும் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொல். உன் தோலிலோ யார் தோலிலோ தொட்டால் உணர்ச்சி தெரியாத தேமல் இருந்தால் அதையும் அங்கே காட்டச் சொல். இன்றைக்கே தொடங்கிவிடு.