வெளிச்சம் பட்டால் மாறும் காந்தம்!

உங்கள் ஊர்த் திருவிழாவில் எடுத்த படத்தை ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கிறீர்கள். உள்ளே என்ன நடக்கிறது? சுழலும் தட்டின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு இருக்கிறது. ஹெட் எனப்படும் முனையில் உள்ள சிறிய மின்காந்தம், அந்தப் பூச்சின் நுண்ணிய இடங்களை ஒரு திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமாக்குகிறது. இந்தத் திசை மாற்றங்களைப் படித்துத்தான் உங்கள் படம் மீண்டும் திரைக்கு வருகிறது.

புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்.எஸ்.டி. உள்ளது. அதில் காந்தத்துக்கு வேலை இல்லை. ஆனால் நீங்கள் பேக்கப் எடுக்க வாங்கும் ஹார்ட் டிஸ்க்கும், பெரிய சர்வர்களில் உள்ள ஹார்ட் டிஸ்க்குகளும் காந்தத்தை நம்பியே இருக்கின்றன. இந்தக் காந்தத்தை வெளிச்சத்தால் மாற்ற முடியுமா? முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். எப்படி என்று பார்ப்போம்.

லேசர் ஏற்கெனவே செய்யும் வேலை

சி.டி. ரைட்டர் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சி.டி.-ஆர்.டபிள்யூ. வட்டில் லேசர் பட்ட இடம் சூடாகி, அங்குள்ள அணுக்களின் அடுக்கு மாறும். அழித்து எழுத முடிந்தது அதனால்தான். 2024-ல் சீகேட் அறிவித்த 30 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கிலும் லேசர் உண்டு. அது தட்டின் ஒரு புள்ளியைக் கண நேரம் 400 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் காந்தம் இளகிக் கொடுக்க, ஹெட் சுலபமாக எழுதிவிடுகிறது.

இவை இரண்டிலும் வேலை செய்வது வெளிச்சம் தரும் சூடு. சூடு இல்லாமல் வெளிச்சமே நேராக வேலை செய்தால்?

நீலச் சாயத்தில் ஒரு காந்தம்

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் பிரஷ்யன் புளூ என்ற சாயம் பிறந்தது. கட்டட வரைபடங்களின் நீல நிறம் இதுதான். இதன் உறவுக்காரப் பொருள் ஒன்றில் இரும்பும் கோபால்ட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். 1996-ல் ஜப்பானில் சாட்டோ, இயோடா, ஃபுஜிஷிமா, ஹஷிமோட்டோ ஆகியோர் இதைக் கடுங்குளிரில் வைத்துச் சிவப்பு ஒளி பாய்ச்சினர். அதன் காந்தத்தன்மை கூடியது. விளக்கை அணைத்த பிறகும் அந்த மாற்றம் நிலைத்தது. நீல ஒளி பாய்ச்சியபோது ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியது.

காரணம் இதுதான். ஒளி பட்டதும் இரும்பிலிருந்து ஓர் எலெக்ட்ரான் கோபால்ட்டுக்குத் தாவுகிறது. அதுவரை காந்தத்தன்மை இல்லாதிருந்த இரண்டு அணுக்களுமே காந்தத்தன்மை பெறுகின்றன. அதோடு கோபால்ட்டைச் சுற்றியுள்ள பிணைப்புகள் சுமார் பத்தில் ஒரு பங்கு நீள்கின்றன. அதாவது பொருளே சற்று உப்பிவிடுகிறது!

ஒரு சிக்கல். மைனஸ் 254 டிகிரிக்குக் கீழேதான் இது காந்தமாக இருக்கும்.

கொழுக்கட்டைத் துகள்

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் டேனியல் டால்ஹாம், மார்க் மைசல் ஆகியோரின் குழு ஒரு வழி கண்டது. உப்பும் குணத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். 2010-ல் அடுக்கடுக்கான மெல்லிய படலங்களிலும், 2011-ல் நானோ துகள்களிலும் இதைச் செய்து காட்டினார்கள்.

கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பூரணம், வெளியே மாவு. இந்தத் துகளின் பூரணம் நாம் மேலே பார்த்த கோபால்ட்-இரும்புப் பொருள். மேல் மாவு நிக்கலும் குரோமியமும் கொண்ட இன்னொரு பொருள். ஒளி பட்டால் மேல் மாவு தானாக மாறாது. ஆனால் அது சுமார் மைனஸ் 200 டிகிரி வரை காந்தமாக இருக்கும். ஒளி பட்டதும் பூரணம் உப்புகிறது. மாவு இழுபடுகிறது. இழுபட்டதால் அதன் காந்தத்தன்மை குறைகிறது. பூரணம் காந்தமாக இல்லாத வெப்பநிலையிலும் அது உப்பும் அல்லவா? அதனால்தான் ஒளியின் கட்டளை முன்பைவிடச் சுமார் 50 டிகிரி கூடுதலான வெப்பநிலை வரை செல்லுபடியாகிறது.

நம் மேஜைக்கு வருமா?

இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும். மைனஸ் 200 டிகிரி என்பது திரவ நைட்ரஜனைவிடக் குளிர்ச்சி. சூடேற்றினால் துகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், எழுதியது அழிந்துவிடும். வீட்டு மேஜையில் இருக்கும் டிஸ்க்கோ, மே மாத வெயிலிலும் உங்கள் படங்களைக் காப்பாற்ற வேண்டும். எனவே, ‘ஒளியால் எழுதும் காந்த மெமரி’ என்று எங்காவது செய்தி வந்தால், முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை டிகிரியில்?

ஆனாலும் இந்த ஆராய்ச்சி ஒரு நல்ல பாடம் சொல்கிறது. ஒரே பொருளிடம் எல்லாத் திறமையும் இல்லாவிட்டால், இரண்டு பொருள்களை ஒட்டிவைத்து வேலையைப் பகிர்ந்து கொடுக்கலாம்.

அது பலிக்கும் வரை நீங்களும் அதையே செய்யுங்கள். முக்கியமான படங்களை ஒரே டிஸ்க்கை நம்பி விடாமல், இரண்டு இடங்களில் பேக்கப் எடுத்து வையுங்கள்!