படத்தட்டு விற்ற கம்பெனியின் சரித்திரம்

ஒரு பொருள் விளையுமிடம் ஒன்று, விலையாகுமிடம் மற்றொன்று என்பது தேவாரத்திலும் போடிநாயக்கனூரிலும் வாழ்வோர்க்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. மலைச்சரிவிற் பறித்த ஏலக்காய் ஏலத்தில் விலையாகிக் கடல் கடந்து செல்கின்றது. திரைப்படமும் அத்தகையதோர் சரக்கே. அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்த வியாபாரம் எழுந்தவாற்றையும் தளர்ந்தவாற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

ஜப்பானிலே சோனி கம்பெனியார் 1975-ல் பீட்டாமாக்ஸ் நாடாவையும், ஜே.வி.சி. கம்பெனியார் 1976-ல் வி.எச்.எஸ். நாடாவையும் வெளியிட்டனர். 1977-ல் அமெரிக்காவிலுள்ள மாக்னடிக் வீடியோ என்னும் கம்பெனி, ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் ஸ்தாபனத்தாரிடம் 50 படங்களுக்கு உரிமை பெற்று, அவற்றை நாடாவாக்கி விற்கத் தொடங்கிற்று. இவ்வியாபாரத்திற்கு வித்து இதுவேயாம்.

நம் நாட்டில் 1980-களில் டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வாடகைக்கு எடுத்து, ஊரார் கூடி விடிய விடியப் படம் பார்ப்பது வழக்கமாயிற்று. 1983-ம் வருஷக் கலவரத்திற்குப் பின் இலங்கையினின்றும் அயல்நாடுகட்குச் சென்ற தமிழர்க்கோ அந்நாடா வெறும் பொழுதுபோக்கன்று; அவர்தம் பிள்ளைகள் தாய்மொழியைக் கேட்கும் வாயில்களுள் ஒன்று. 1987-ல் லண்டனில் தோன்றிய ஐங்கரன் இன்டர்நேஷனல், முதலில் நாடாவாகவும் பின்னர்த் தட்டாகவும் தமிழ்ப் படங்களை அன்னோர்க்கு அளித்து வந்தது.

உள்நாட்டில் இத்தொழிலைப் புரட்டியது மோசர் பேர் கம்பெனி. தீபக் பூரி என்பவர் 1983-ல் புதுடில்லியில் இதனை நிறுவினார். ஸ்விட்ஜர்லாந்துக் கம்பெனியொன்றன் கூட்டுறவால் வந்தது இப்பெயர். நேரம் பதியும் கருவிகளிற் றொடங்கி, பிளாப்பி செய்து, பின்னர் ஒளித்தட்டு செய்வோருள் உலகின் முன்வரிசையை இஃது எய்திற்று. 2007-ல் படங்களின் உரிமைகளை வாங்கி, வி.சி.டி. ஒன்றை 28 ரூபாய்க்கும் டி.வி.டி. ஒன்றை 34 ரூபாய்க்கும் விற்கலாயிற்று. அதுகாறும் நேரிய தட்டின் விலை இதனினும் பன்மடங்கு. அதனாலன்றோ திருட்டு வி.சி.டி. செழித்தது! திருடுவோரைத் தண்டிப்பதோடு அமையாது, அவர் விலைக்கே நல்ல சரக்கைக் கொடுத்தல் வேண்டும் என்பதே இக்கம்பெனியின் கருத்து. தட்டைத் தன் ஆலையிலேயே செய்தமையால் அடக்கச் செலவு குறைந்தது; உரிமைக்குக் கொடுத்த தொகையோ பல பிரதிகளின்மேற் பரவியது.

ஆயினும் அவ்வாலையே பின்னர்ச் சுமையாயிற்று. பென்டிரைவும் இணையமும் பரவவே, தட்டு கேட்பார் அருகினர். சூரிய மின்சாரத் தொழிலில் இட்ட முதலும் கடனைப் பெருக்கிற்று. 2018-ல் கம்பெனியைக் கலைத்துச் சொத்துக்களை விற்குமாறு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

இதனால் நாம் அறிவது யாது? 1931-ல் வெளிவந்த முதற்றமிழ்ப் பேசும்படமாகிய காளிதாஸின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. பிரதிகள் பல கைகளில் இருப்பின் கலை பிழைக்கும். இணையத்திற் காணும் படம் உரிமை முடிந்தவன்றே மறையலாம். விலைக்கு வாங்கிய தட்டோ கம்பெனி மாய்ந்த பின்னும் வாங்கினவனிடத்தே நிற்கும். எனினும் நாடாவும் தட்டும் காலத்தாற் கெடுவன, வி.எச்.எஸ். கருவி செய்வதும் 2016-ல் நின்றுவிட்டது. ஆதலின் மாணவர்காள், வீட்டுப் பரணிற் கிடக்கும் பழைய நாடாவைக் குப்பையென எறியுமுன், அதிலுள்ளது பிறிதோரிடத்தில் உண்டோ என ஆராய்ந்து பாதுகாத்தல் நம் கடனாகும்.