பன்னிரண்டில் ஒரு பங்கு உலகம்: டிஸ்னிலாண்டின் கதைப்புத்தகப் படகுச் சவாரி

உலகின் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இன்று உயரத்திலும் வேகத்திலும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அத்தகைய பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடி எனக் கருதப்படும் டிஸ்னிலாண்டில், மிக மெதுவாக நகரும் படகொன்றில் ஏறுவதற்காக ஏறத்தாழ 70 ஆண்டுகளாக மக்கள் வரிசையில் நின்று வருகிறார்கள். 'ஸ்டோரிபுக் லாண்ட் கனால் போட்ஸ்' என்பது அந்தச் சவாரியின் பெயர். கதைப்புத்தக நாட்டின் கால்வாய்ப் படகுகள் எனத் தமிழில் சொல்லலாம்.

சேற்றுக் கரையில் தொடங்கிய கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரின் தோடைத் தோட்டங்களை அழித்து அமைக்கப்பட்ட டிஸ்னிலாண்ட், 1955 ஜூலை 17 ஆம் திகதி திறக்கப்பட்டது. அன்றே இப்படகுகளும் ஓடின. ஆனால் பணமும் காலமும் போதாததால் கரையில் காட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. பயணிகள் கண்டது வெறும் மண்மேடுகளைத்தான். பூங்காவில் நடுவதற்குச் செடிகள் போதாதபோது, முளைத்திருந்த களைகளுக்கு லத்தீன் மொழியில் பெயர்ப்பலகை வைக்கும்படி வால்ட் டிஸ்னி சொன்னாராம் என்ற கதை இன்றுவரை சொல்லப்படுகிறது.

அதே ஆண்டு செப்டெம்பரில் சவாரி மூடப்பட்டது. அத்துடன் அதைக் கைவிட்டிருக்கலாம். ஆனால் குட்டி உருவங்களில் டிஸ்னிக்குத் தீராத ஆசை. தன் வீட்டு வளவிலேயே எட்டில் ஒரு பங்கு அளவில் ஒரு நீராவிப் புகையிரதத்தை ஓட்டியவர் அவர். 1956 ஜூனில், குட்டிக் கிராமங்களுடன் சவாரி மீண்டும் திறக்கப்பட்டது.

எப்படி ஏமாறுகிறது கண்?

'பினோக்கியோ' படத்தில் வரும் மொன்ஸ்ட்ரோ என்ற திமிங்கிலத்தின் திறந்த வாய்க்குள் படகு நுழைகிறது. மறுபுறம் வெளிவந்ததும் மூன்று பன்றிக்குட்டிகளின் வைக்கோல் வீடு, தடி வீடு, செங்கல் வீடு ஆகியவை தெரிகின்றன. பின்னர் ஏழு குள்ளர்களின் குடிலும் சுரங்கமும், பினோக்கியோவைச் செதுக்கிய கெப்பெட்டோவின் ஊரும், சின்டரெல்லாவின் கோட்டையும் வருகின்றன. பிற்காலப் படங்களிலிருந்து 1994 இல் அலாதினின் அக்ரபா நகரும், 2014 இல் 'ஃப்ரோசன்' படத்தின் அரெண்டல் நகரும் சேர்க்கப்பட்டன.

இக்கட்டடங்கள் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அமைந்தவை. அதாவது ஆறடிக் கதவு இங்கே ஆறு அங்குலம். கட்டடத்தை மட்டும் சிறிதாக்கினால் அது விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் மரமும் அதே கணக்கில் குறுக வேண்டும். முப்பதடி மரம் இரண்டரை அடிக்குள் அடங்க வேண்டும். இலையும் பொடியாக இருக்க வேண்டும். அதனால்தான் சிற்றிலைத் தாவரங்களும், போன்சாய் முறையில் குறுக்கி வளர்க்கப்பட்ட மரங்களும் இங்கே நிற்கின்றன.

பார்க்கும் இடமும் முக்கியம். படகில் தாழ்ந்து உட்கார்ந்திருப்பவரின் கண், கரையின் மட்டத்தை நெருங்குகிறது. நின்று குனிந்து பார்த்தால் பொம்மையாகத் தெரியும் ஊர், இங்கிருந்து பார்க்கையில் தூரத்து ஊராகி விடுகிறது. இன்னொன்றும் உண்டு. இந்த ஊர்களில் மனித உருவங்களே இல்லை. யன்னலில் வெளிச்சம் தெரிகிறது. ஆனால் ஆளைக் காணோம். உள்ளே இருப்பவரைப் பார்ப்பவர்தான் கற்பனை செய்து கொள்ள வேண்டும்.

கதை சொல்வதற்குப் பதிவு செய்த குரலும் இல்லை. படகில் கூடவே வரும் ஊழியர் ஒருவர் நேரில் சொல்லிக்கொண்டு வருகிறார். ஆளுக்கு ஆள் கதையின் சுவையும் மாறும்.

வளர்ச்சியுடன் ஒரு போராட்டம்

இச்சவாரியின் அழகு அப்படியே நிலைத்து நிற்பதில்லை. மரம் வளரவே விரும்பும். கலிபோர்னியாவின் வெயில் அதற்கு உற்சாகம் தரும். ஒரு கிளை ஓர் அடி நீண்டாலே, அந்தக் கணக்கில் அது பன்னிரண்டு அடி வளர்ந்ததற்குச் சமம். கோட்டை உடனே பொம்மையாகி விடும். ஆகவே தோட்டக்காரர்களின் கத்தரிக்கோலுக்கு ஓய்வே இல்லை. பொடி ஓடுகளையும் பூச்சுகளையும் வெயிலும் மழையும் அரிக்க அரிக்கப் பழுதுபார்க்கவும் வேண்டும்.

வேகமான சவாரிகளே கூட்டத்தை இழுக்கும் காலம் இது. பூங்காவின் ஒவ்வொரு அடி நிலமும் பணம். அத்தகைய இடத்தில், சில நிமிட அமைதியை மட்டுமே தரும் கால்வாய்க்காக இவ்வளவு கைவேலை செலவிடப்படுகிறது. இங்கே வரும் பிள்ளைக்குக் கிடைப்பதும் அரிதான ஒன்று. எங்கும் பெரியவர்களை அண்ணாந்து பார்த்தே பழகிய பிள்ளை, இங்கே தானே ஒரு இராட்சதனாகி, ஓர் ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் அடக்கிவிடுகிறது. கத்தரிப்பதைச் சில ஆண்டுகள் நிறுத்தினால் போதும், அந்த ஊர் புதருக்குள் மறைந்துவிடும்.