ஹார்டு டிஸ்க்கில் படிந்த உலோக ஆவி

பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுப் பரணில், ஓட மறுத்த 40 ஜிபி டிஸ்க் ஒன்று கிடந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் மூடியைக் கழற்றினேன். (ஓடுகிற டிஸ்க்கில் இதைச் செய்யாதீர்கள். உள்ளே போகும் தூசியே அதைக் கெடுத்துவிடும்.) முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒரு அலுமினியத் தட்டு. இதில்தான் என் போட்டோக்கள் இருந்தன. ஏன், இன்னமும் இருக்கின்றன.

தட்டின் மேலுள்ள காந்தப் படலத்தை உலோக ஆவியில் இருந்துதான் வளர்க்கிறார்கள். காற்றை வெளியேற்றிய அறையில் சிறிது ஆர்கான் வாயுவை விட்டு, மின்சாரத்தால் அதை அயனிகளாக்குவார்கள். கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் கலந்த உலோகத்தின் மீது அயனிகள் மோதும்போது, அணுக்கள் தெறித்துப் பறந்து தட்டில் படியும். இதன் பெயர் ஸ்பட்டரிங்.

மார்கழிக் காலையில் பைக் சீட்டைப் பாருங்கள். பனி முத்து முத்தாகத்தான் படிந்திருக்கும். உலோகமும் அப்படித்தான், மணி மணியாக வளர்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே பல ஆயிரம் மணிகளை அடுக்கலாம். நடுவே குரோமியம் ஒதுங்கி வேலி போடுவதால், ஒவ்வொரு மணியும் தனிக் காந்தம். சாதாரண மைக்ராஸ்கோப்பில் இவை தெரியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும்.

மணியைச் சிறிதாக்கினால் நிறைய டேட்டா வைக்கலாமே? அங்கேதான் சிக்கல். எல்லாப் பக்கமும் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். மிகச் சிறிய மணியின் காந்தத் திசையைப் புரட்ட அறையின் வெப்பமே போதும். அதனால்தான் 2005-ல் தோஷிபா, காந்தங்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திய டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2024-ல் சீகேட் அறிவித்த 30 டிபி டிஸ்க்குகளில் இருப்பது இரும்பு-பிளாட்டினம் மணிகள். இவை எளிதில் புரளாது. எழுதும்போது லேசரால் சூடாக்க வேண்டும்.

அப்படியானால் நம்மூர் மே மாத வெயிலில் போட்டோக்கள் அழிந்துவிடுமா? பயம் வேண்டாம். பல ஆண்டுகள் தாங்கும்படிதான் மணிகளின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலும் முதலில் கெடுவது மோட்டார், ஹெட் அல்லது சர்க்யூட் போர்டு.

ஆகவே ‘செத்துப்போன’ டிஸ்க்கை அப்படியே கடையில் போடாதீர்கள். உங்கள் பேங்க் விவரங்கள் தட்டில் பத்திரமாக இருக்கும். ஓடுகிற டிஸ்க்கிலும் குயிக் ஃபார்மேட் போதாது. அது அட்டவணையை மட்டுமே அழிக்கும். முழுவதும் மேலெழுதுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் தட்டில் டிரில் போட்டு, வளைத்துவிடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், சில்லு தெறிக்கும். கெட்டித் துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலை எடுங்கள்.